நனவிடை தோய்தலும் வரலாறும்: தொண்ணூறுகளின் முற்பகுதியில் தீவகமும் இலண்டனும்

ஒரு காலப்பகுதியின் வரலாறு எழுதப்படுவதற்கு முன்னரே அக்காலப்பகுதி பற்றிய ஏக்கம் எழுதப்பட்டுவிடுவது நமது காலத்தின் இயல்புகளுள் ஒன்றாகும். 1990களின் முற்பகுதிக்கு இது நன்கு பொருந்தும். பிரித்தானியாவில் அவ்வாண்டுகளை நினைவுகூர்வது இன்று ஒரு பண்பாட்டு வாணிபமாகவே வளர்ந்துள்ளது. ஒலிநாடாப் பேழை, தெருமுனைச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, கூரையில் வான்கோள் தட்டுப் பொருத்தாத வீடுகளில் நான்கே அலைவரிசைகளைக் கொண்ட தொலைக்காட்சி, வியாழன் இரவுகளில் இளைஞர் காத்திருந்து பார்த்த 'ரொப் ஒவ் த பொப்ஸ்' இசை நிகழ்ச்சி ஆகியன அந்நினைவின் பண்டங்கள். அதே இலண்டன் மாநகரில், அதே தெருக்களில், யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அதே ஆண்டுகளைப் பற்றி முற்றிலும் வேறான பண்டங்களைக் கொண்டு கதை சொல்கின்றனர். ஜாம் போத்தல் விளக்கு, கவிழ்த்து நிறுத்திய சைக்கிள், மண்ணெண்ணெயில் ஓடிய கார், இரவு 9.15க்கு ஒலித்த பீ.பீ.சீ. தமிழோசை என்பன இக்கதைகளில் தவறாது இடம்பெறுவன.

இவ்வகை நினைவுக்குத் தமிழில் ஒரு பெயர் வாய்த்ததும் அவ்வாண்டுகளிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. எஸ். பொன்னுத்துரையின் 'நனவிடை தோய்தல்' 1992இல் நூலாக வெளிவந்தது. புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஒருவர் தம் இளமைக்கால யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதிய நூல் அது. யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருளில் கிடந்த ஆண்டில், நாற்பதுகளின் யாழ்ப்பாணத்தை நினைந்து எழுதிய நூலொன்று அச்சொல்லை நமக்குத் தந்தது. இன்று அந்த இருண்ட ஆண்டுகளே தோய்தலுக்குரிய பொருளாகிவிட்டன.

ஏக்கத்தை வரலாற்று மாணவன் ஏளனஞ் செய்தல் தகாது. அதுவும் ஒரு சான்று. ஆயின் எச்சான்றையும் போலவே, அது யாருடைய சான்று, யாரை விட்டுவிடுகிறது என்ற வினாக்களுக்கு அதுவும் உட்பட்டாக வேண்டும். மேற்கூறிய இரு நினைவுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது இரண்டிலும் ஒரே மனிதனைக் காணவில்லை என்பது புலனாகின்றது. பிரித்தானியரின் தொண்ணூறுகளில் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்ற தமிழ் அகதி இல்லை. யாழ்ப்பாணத்தவரின் தொண்ணூறுகளில் ஊரிழந்து வலிகாமத்துக்கு வந்த தீவகத்தவன் இல்லை. பல வேளைகளில் இவ்விருவரும் ஒருவரே, அன்றேல் ஒரு குடும்பத்தினரே.

முதலில் பிரித்தானியாவைச் சுருக்கமாக நோக்குவோம். 1983க்குப் பின்னர் அங்கு சென்ற ஈழத் தமிழர் எதிர்கொண்ட நாடு, பாட்டாலும் பந்தாட்டத்தாலும் மட்டும் ஆயதன்று. பொதுநலவாய நாடுகளுள் முதன்முதலாக இலங்கையருக்கே 1985இல் நுழைவு அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர் சிலர் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். விமான ஓடுதளத்தில் உள்ளாடையுடன் நின்ற அவர்களின் படம் நாளேடுகளில் வந்தது. அவ்வாண்டில் தமிழ் அகதிகளுட் பலர் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் தடுத்து வைக்கப்பட்டனர். ஒக்டோபர்ப் புயலில் அக்கப்பல் கட்டறுந்து மிதந்தது. உரிய ஆவணமின்றி ஒருவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1000 பவுண் தண்டம் விதிக்கும் சட்டமும் அவ்வாண்டினதே. 1991 ஒக்டோபர் 30இல், முன்னர் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழரின் வழக்கில், பிரித்தானியா மனித உரிமைச் சாசனத்தின் 3ஆம் உறுப்புரையை மீறவில்லை என ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாதத்திலேயே தீவகத்தில் நடந்தது யாதென்பதைப் பின்னர்க் காண்போம்.

இத்தகைய வாசல்களைக் கடந்து உள்ளே நின்றவர்கள் பெற்றோல் நிலையங்களிலும் தெருமுனைக் கடைகளிலும் இரவு வேலையில் அமர்ந்தனர். பெருங்கடைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டப்படி திறக்கத் தொடங்கியது 1994 ஓகஸ்டிலேதான். அதுவரை ஞாயிறு காலையில் பாலும் பாணும் பத்திரிகையும் வேண்டிய ஆங்கிலேயன் நாடிச் சென்றது பெரும்பாலும் ஆசியரின் சிறுகடையையே. அவனது தொண்ணூறுகளின் இனிய நினைவுகளுள் பல இந்தக் கடையின் கல்லாவைக் கடந்தே அவனை அடைந்தன. இனிப்புப் பொட்டலமும் ஒலிநாடாவும் நினைவில் நிற்கின்றன. அவற்றை எடுத்துக் கொடுத்த கை நினைவில் இல்லை. (அ. சிவானந்தன் போன்றோர் இலண்டனிலிருந்தே பல்லாண்டுகளாக இதனை எழுதி வந்தனர். அவரது எழுத்தை ஏக்க வணிகம் தீண்டாமை வியப்பன்று.)

கல்லாவுக்குப் பின்னால் அமர்தல் தீவகத்தவருக்குப் புதியதன்று. தீவகத்தின் மண் வளங்குன்றியது. நன்னீர் அரிது. புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு, நயினாதீவு ஆகிய ஊர்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சாப்பாட்டுக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் நடத்தினர். ஊரில் கட்டிய கல்வீடுகள் அக்கடைகளின் வருவாயால் எழுந்தவை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் எரிந்த கடைகளுள் தீவகத்தவருடையவை பல. ஆகவே இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய நகரங்களுக்கான பெயர்வு ஒரு பழைய வணிகப் பெயர்வின் நீட்சியுமாகும்.

ஐரோப்பியத் தொடர்பும் இத்தீவுகளுக்குப் பழையதே. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்ரடாம் எனப்பட்டன. மக்கள் நாவில் நிலைத்தது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் ஒன்றே. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பெயர்சூட்டல் நிகழ்ந்தது. பீ.பீ.சீ.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3இல் போர்க்காலச் செய்திமடலாகத் தொடங்கியது. நாற்பதுகளின் பிற்பகுதியில் அங்கு பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டார். அவர் 1912இல் ஊர்காவற்றுறைப் பகுதியின் கரம்பொன்னிற் பிறந்தவர். (தனிநாயகம் அடிகளார் ஓராண்டின் பின் அதே கரம்பொன்னிற் பிறந்தார். சிற்றூர் ஒன்றுக்கு இது குறைந்த பெருமையன்று.) தீவகத்தவர் ஒருவர் இலண்டனில் இட்ட பெயரைத் தீவகத்து ஏதிலிகள் நாற்பது ஆண்டுகளின் பின் இருளில் காத்திருந்து கேட்டனர்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது, தொலைபேசி நின்றது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சூழ்ந்த போரின் பகுதியாக 1990 ஓகஸ்டில் அரச படையினர் தீவகத்தில் தரையிறங்கினர். மண்டைதீவு, அல்லைப்பிட்டி ஆகிய ஊர்களில் அப்போது பிடித்துச் செல்லப்பட்ட ஆண்களுட் பலர் திரும்பவில்லை. செப்டெம்பர் இறுதியில் படையினர் கோட்டையைக் கைவிட்டனர். 1991 ஒக்டோபரில் 'வலம்புரி' எனப் பெயரிடப்பட்ட நடவடிக்கையுடன் தீவகம் அரச படையினரின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களுட் பெரும்பாலோர் வலிகாமத்துக்கும் வன்னிக்கும் பெயர்ந்தனர். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கணிசமானோர் தங்கினர். பண்ணைக் கடல் போர்முனையாயிற்று. ஸ்ட்ராஸ்பேர்க்கில் தீர்ப்பு வாசிக்கப்பட்ட மாதத்தில் தீவகம் இருந்த நிலை இது.

இனி, ஏக்க நினைவின் மையப் பண்டங்களுக்கு வருவோம். இவை உண்மையானவை, ஆய்வுக்குரியவை. பொருளாதாரத் தடையின் கீழ் மின்கலம், பெற்றோல், சீமெந்து, யூரியா முதலியன குடாநாட்டுக்குள் வரக்கூடாதவையாயின. மண்ணெண்ணெய் அரிதாகி விலையேறியது. ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை இட்டு, அது ஊறும் அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் வார்த்து, சைக்கிள் ரியூப்பின் வால்வைத் திரி தாங்கியாக்கினர். காற்றுக்கு அணையாமற் போத்தலே சிமினியாயிற்று. ஒரு தலைமுறையின் உயர்தர வகுப்பு மாணவர் இவ்விளக்கிற் படித்துப் பரீட்சை எழுதினர். சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனம்பழத்தைப் பிசைந்து துணி வெளுக்கும் பழைய வழக்கம் மீண்டது. செய்தித்தாள்கள் கிடைத்த தாளிலெல்லாம், கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும், அச்சாயின.

வானொலியின் கதை சற்று விரித்துரைக்கத் தக்கது. நான்கு மின்கலங்களில் இயங்கும் வானொலிக்கு வேண்டியது 6 வோல்ற் நேரோட்ட மின். துவிச்சக்கர வண்டியின் தைனமோ தருவதும் ஏறத்தாழ 6 வோல்ற்றே. ஆயின் அது ஆடலோட்டம். வானொலி திருத்துவோர் இடையில் இருவாயி ஒன்றையும் ஒடுக்கி ஒன்றையும் பொருத்தி இவ்வேறுபாட்டைத் தீர்த்தனர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் கையால் மிதியைச் சுற்ற, ஏனையோர் கேட்பர். சுற்றுபவர் தளர்ந்தால் குரல் மங்கும். ஆர்வமிகுதியால் விரைந்து சுற்றினால் வானொலி எரிந்துபோகும். சீராகச் சுற்றுதல் ஒரு தேர்ச்சி. அப்பணி பெரும்பாலும் வீட்டின் சிறுவருக்குரியதாயிற்று. ஆகவே இன்று ஐம்பதை அண்மிக்கும் ஒருவருக்குத் தமிழோசை காதின் நினைவு மாத்திரமன்று, தோளின் நினைவுமாகும். ஆனந்தியின் குரலை இன்றும் இனங்காணக் கூடியவர்களுள் அவர் சொன்ன செய்தி ஒன்றையேனும் நினைவில் வைத்திருப்போர் சிலரே. செய்தி மறைந்து குரல் எஞ்சுவது ஏக்க நினைவின் இயல்பு எனலாம்.

மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களைப் பற்றிய பெருமிதம் இதனினும் பெரிது. இதனை 'எங்கள் மூளை' என்று மட்டும் விளக்கி அமைதல் வரலாறாகாது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பிரித்தானியக் கார்கள் ஐம்பதுகளில் இறக்குமதியாகி, தென்னிலங்கையில் வழக்கொழிந்த பின்னரும் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக நிலைத்தன. அவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்க விகிதம் உடையவை. ஆதலால் தாழ்தர எரிபொருளையும் அவை தாங்கின. சில துளி பெற்றோலைச் செலுத்தி இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. இம்முறையும் 1990இல் திடீரெனக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. வூல்ஸ்லி முதலிய பிரித்தானிய நீரிறைக்கும் இயந்திரங்களைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டுவது புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் தினசரி நடந்த செயல். தோட்டத்துக் கிணற்றடியின் அறிவு வீதிக்கு வந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகும். ஐம்பதுகளின் பிரித்தானியத் தொழிற்சாலை தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் தன் இறுதி உழைப்பை நல்கியது. பேர்மிங்காமின் கார்த் தொழிலாளி பலர் வேலையிழந்திருந்த ஆண்டுகள் அவை. அவர்தம் தந்தையர் பூட்டிய இயந்திரங்கள் சுண்ணாகத்துச் சந்தைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றன. ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் எச்சங்கள் எங்கெங்கு, எவ்வாறு உயிர்வாழ்கின்றன என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயின் மேற்கூறியவை அனைத்தும் வீடுள்ளவரின் நினைவுகள் என்பதை அவதானித்தல் வேண்டும். கவிழ்த்து நிறுத்தச் சைக்கிள் வேண்டும். சுற்றியிருந்து கேட்க முற்றம் வேண்டும். துணி வெளுக்கப் பனையும் கிணறும் வேண்டும். பனை, முற்றம், கிணறு மூன்றையும் பண்ணைக்கு அப்பால் விட்டு வந்தவருக்கு அவ்வாண்டுகள் எவ்வாறு கழிந்தன? பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் கோவில் மடங்களிலும் அவர் வாழ்ந்தார். குடாநாட்டில் 'தீவார்' என்ற சொல் இடப்பெயரை மாத்திரம் குறித்ததன்று. அதில் நெடுங்காலமாக ஓர் ஏளனம் கலந்திருந்தது. கடைக்காரர், கஞ்சர், கரையோரத்தார் என்ற கருத்துகள் அதனோடு ஒட்டியிருந்தன. 1991இல் அச்சொல்லுக்கு 'வந்தான் வரத்தான்' என்ற பொருளும் சேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதுதான் வலிகாமத்தவர் இடப்பெயர்வை முதன்முதலாக முழுமையாக அறிந்தனர். அந்த இடப்பெயர்வு நமது நினைவிலும் இலக்கியத்திலும் 'பேரிடப்பெயர்வு' எனப் பெயர்பெற்றது. தீவகத்தவரின் பெயர்வுக்கு அவ்வாறு தனிப்பெயர் எதுவும் நிலைபெறவில்லை. அவர்களுக்கு 1995 இரண்டாம் பெயர்வு, சிலருக்கு மூன்றாவது.

'அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்று. எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம்' என்ற கூற்றும் நினைவுகூரல்களில் அடிக்கடி வருவது. முற்போக்குச் சிந்தனையாளர் இதனை எளிதில் ஏற்றல் இயலாது. புங்குடுதீவில் 1971இல் கண்ணகை அம்மன் கோவிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் நடத்திய போராட்டத்தில் அவர் கைதாகித் தாக்கப்பட்டார். 1973இல், நாற்பது வயதைத் தாண்டாமலே, அவர் மறைந்தார். அக்கிணற்றடியிலிருந்து இருபது ஆண்டுகளின் பின் இடம்பெயர்ந்தவர்கள், சாதியைப் பண்ணைக்கு அப்பால் விட்டுவிட்டு வரவில்லை. அவர்களை ஏற்ற ஊர்களும் அதனைக் கைவிட்டிருக்கவில்லை. யார் யாருடைய கிணற்றில் நேரே அள்ளலாம், யாருக்கு ஊற்றப்படும் என்ற வரையறை முகாம் வாழ்விலும் தொடர்ந்தது. வசதியும் உறவும் உள்ளோர் முகாம்களிலிருந்து வெளியேற, ஆண்டுக்கணக்கில் முகாமில் எஞ்சியோருள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி என்பது பின்னைய ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது.

இந்நினைவில் மற்றொரு பெரும் இடைவெளி உண்டு. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினர். ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி ஆயிரம் கட்டுரை எழுதப்பட்ட பின்னரும், அந்தப் போத்தல்களை வாங்கி விற்ற பழைய இரும்புக் கடைகள், சைக்கிள் உதிரிப்பாகக் கடைகள், தையற் கடைகள் நிறைந்த ஐந்து சந்தியின் மக்கள் அக்கட்டுரைகளில் அரிதாகவே தோன்றுகின்றனர். அக்டோபர் 30 என்ற நாள் 1990இலும் 1995இலும் இருமுறை வருகிறது. ஒன்றையே நாம் நினைவுகூர்கிறோம்.

தங்கியவரின் நிலை வேறு. நெடுந்தீவும் நயினாதீவும் கடற்படையின் ஆளுகையில் இருந்தன. வலிகாமத்தவரின் 'தடைக்கால' நினைவுகளில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் 'அந்தப் பக்கம்' இருந்தவர்கள். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குடாநாட்டிலிருந்து குறிகட்டுவான் வழியாகச் செல்லும் பாதை அடைபட்டது. ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணத்தில் மட்டுமே அடையக்கூடிய நெடுந்தீவு, 1985 மே 15இல் குமுதினிப் படகிற் கொல்லப்பட்டவர்களின் நினைவோடு அக்கடலையே மீண்டும் நம்பி வாழ்ந்தது. 1994 ஓகஸ்ட் பொதுத்தேர்தல் அவர்களது நிலையை வினோதமான முறையில் வெளிக்காட்டியது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ 6 இலட்சம். வாக்களித்தோர் 3 வீதத்தையும் எட்டவில்லை. பெரிதும் தீவகத்தில் விழுந்த ஏறத்தாழ 10,000 வாக்குகளைக் கொண்டு ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி மாவட்டத்தின் 10 ஆசனங்களுள் 9ஐப் பெற்றது. எஞ்சிய ஒன்று முஸ்லிம் காங்கிரசுக்குக் கிடைத்தது. அது பெரிதும் புத்தளம் முதலிய இடங்களில் வாழ்ந்த, விரட்டப்பட்ட மக்களின் வாக்கு. ஆக, நினைவில் இடம் பெறாத இரு பிரிவினரே அன்று சட்டப்படி யாழ்ப்பாணத்தின் முழுப் பிரதிநிதித்துவத்தையும் தீர்மானித்தனர்.

தமிழோசையின் சமூகப் பணியை இப்பின்னணியில் மீண்டும் நோக்கலாம். யாழ்ப்பாணப் பட்டினக் கரையில் நின்றால் பண்ணைக் கடலுக்கு அப்பால் மண்டைதீவு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த அக்கரையில் நடந்ததை இக்கரையில் நின்றவன் அறிய வழியில்லை. தீவகத்தில் நிகழ்ந்தது கொழும்பை அடைந்து, கொழும்பிலிருந்து இலண்டனுக்குச் சென்று, இலண்டனிலிருந்து சிற்றலையில் கடல்கள் தாண்டித் திரும்பி, தைனமோவின் வலுவில் அவன் காதில் விழுந்தது. 1992 ஓகஸ்ட் 8இல் ஊர்காவற்றுறைத் தீவின் அராலித்துறையில் தளபதி டென்சில் கொப்பேகடுவவும் அவருடன் சென்ற உயரதிகாரிகளும் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அதே தீவில் தன் வீட்டின் ஓடு இருக்கிறதா என்ற செய்தி எந்த அலைவரிசையிலும் வராது. வானொலி முன் அமர்ந்திருந்த தீவகத்தவன் காத்திருந்தது அந்த இரண்டாவது செய்திக்காகவே. பிறரோடு ஒரே முற்றத்தில் அமர்ந்து ஒரே குரலைக் கேட்டபோதும் அவன் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதே வேளையில் இலண்டனில் இரவு வேலைக்குச் செல்லும் அவன் தம்பிக்கோ ஊர்ச் செய்தி மேலும் அரிதாயிற்று. தொலைபேசி இல்லை. கொழும்பு வழியாக வந்த கடிதங்கள் வாரங்கள் கடந்தன. செஞ்சிலுவைக் குழுவின் செய்தித் தாள்களில் குடும்ப நலம் தவிர வேறு எழுத இயலாது. இக்கடிதங்கள் பல இன்னும் அலுமாரிகளில் இருத்தல் கூடும். ஊர் ஒன்றியங்களின் மலர்களில் வரும் நினைவுக் கட்டுரைகளை விட, திகதியிட்ட அக்கடிதங்கள் வரலாற்று மாணவனுக்குப் பன்மடங்கு பயன் தருவன. 1990இல் முப்பது வயதினராயிருந்தோர் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

இலக்கியம் வரலாற்றை முந்திக்கொண்டது. புங்குடுதீவைச் சேர்ந்த சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவெளிக் கிராமம்' 1995இல் வெளிவந்தது. ஆளற்ற ஊரைப் பாடும் அக்கவிதைகளில் இழப்பு உண்டு, இனிமைப்படுத்தல் இல்லை. அல்லைப்பிட்டியிற் பிறந்த ஷோபாசக்தி 2001இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவல் தீவகச் சிற்றூர் ஒன்றின் வறுமையையும் வன்முறையையும் ஏக்கத்தின் நிழலே படாத மொழியில் முன்வைத்தது. தீவகத்து எழுத்தாளர் இருவரும் நனவிடை தோயாமலே நினைவுகூர்ந்தனர் என்பது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன். திரும்பிச் செல்லக்கூடிய ஊருக்கே ஏக்கம் இனிக்கும்.

தமிழோசைக்கும் தீவகத்துக்கும் இடையிலான தொடர்பு பிற்காலத்தில் குருதியிலும் எழுதப்பட்டது. பீ.பீ.சீ.க்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், தம் வீட்டிற் கொல்லப்பட்டார். அம்மாதப் பொதுத்தேர்தலின் முறைகேடுகளை அவர் வெளிப்படுத்தியிருந்தார். 2022 பெப்ரவரியில் இலண்டன் மாநகரப் பொலிசார் இக்கொலை தொடர்பாக இங்கிலாந்தில் ஒருவரைக் கைதுசெய்தனர். எவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றது. அன்று இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதப்பட்ட பிரியாவிடைகளில் தைனமோ தவறாது இடம்பெற்றது.

1996இல் குடாநாடு படையினர் வசமான பின்னர், தீவகத்தவர் சிறிது சிறிதாகப் பண்ணையைக் கடந்து சென்றனர். ஓடும் மரமும் கழற்றப்பட்டு, கதவு நிலைகளும் பெயர்க்கப்பட்டு, முற்றத்தில் மரம் வளர்ந்த வீடுகளையே அவர்கள் கண்டனர். திரும்பிக் குடியேறியவர் சிலர். பார்த்துவிட்டு மீண்டவர் பலர். புங்குடுதீவில் அத்தகைய கூரையற்ற கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுட் பலவற்றின் உறுதிகள் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும், பிள்ளைகள் வாசிக்க இயலாத எழுத்தில், பத்திரமாக உள்ளன.